புதுப்பிப்பு: முதல் இதழ் நிலத்தைப் பற்றியது

திருகோணமலையிலிருந்து தொடங்கவிருக்கும் முற்போக்கு அரசியல் சிந்தனை இதழுக்குக் கருப்பொருள்கள் கேட்டு முன்னர் எழுதியிருந்தேன். மாகாண அதிகாரம், மொழியுரிமை, சாதி, நிலம் எனப் பல யோசனைகள் வந்தன. முதல் இதழுக்கு நிலத்தையே தேர்ந்திருக்கிறோம்.

2006இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த, திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், நிலக்கரி அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, பின்னர் சூரிய மின் திட்டம் வந்திருப்பதால், தூய மின்சாரம் என்பதாலேயே ஒரு திட்டம் நீதியானதாகிவிடுமா என்ற கேள்வியை நாம் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசி 49 வீதமும் கொண்ட கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் 2022 ஜனவரி உடன்படிக்கையையும் இதனோடு சேர்த்தே ஆராய்வோம். அதை வல்லரசுப் போட்டியாக மட்டும் எழுதினால் (அப்படி எழுதுவதில் நம் பத்திரிகைகளுக்கு அலுப்பே வருவதில்லை) தொழிலாளரும் மீனவரும் கட்டுரையிலிருந்து காணாமற் போய்விடுவார்கள்.

மாகாண அதிகாரம் இரண்டாம் இதழுக்குரியது: கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்த பின்னர் தேர்தலே நடக்காதிருக்கையில், மாகாண சபைகளுக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலுள்ள காணி அதிகாரத்தை முதல் இதழின் தொடர்ச்சியாகவே பேசலாம். சாதிக்குத் தனி இதழ் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. அது ஒவ்வோர் இதழிலும் இருந்தாக வேண்டும். முஸ்லிம், சிங்கள எழுத்தாளர்களிடமும் கட்டுரைகள் கேட்டிருக்கிறோம்.