இரண்டு தராசுகளின் போர்ட் பெயர் இடம் மாறுகிறது: என்ன செய்யலாம்?

நூல்கண்டு, திருப்பூர்:
வணக்கம். எங்கள் பனியன் கம்பெனி குடோனில் உபுண்டு கணினி ஒன்றுடன் இரண்டு தராசுகளை யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக இணைத்துள்ளோம். ஒன்று துணி ரோலுக்கு. மற்றது ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்க, 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டிய துணிக்கு. கணினியை அணைத்துப் போட்டால் சில வேளைகளில் ‘டிடிஒய்யூஎஸ்பி0’, ‘டிடிஒய்யூஎஸ்பி1’ என்ற போர்ட் பெயர்கள் இரண்டும் இடம் மாறி, 22 கிலோ ரோலின் எடை 1.8 என்று பதிவாகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் ‘சிஎச்மாட் 666’ (எல்லோருக்கும் படிக்க, எழுத அனுமதி தரும் கட்டளை) கொடுத்தால்தான் மென்பொருள் போர்ட்டைத் திறக்கிறது. நிலையான வழி உண்டா?

சிறுவாணி, கோவை:
அந்த எண் தராசுக்கு உரியதன்று. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதலில் கண்டுகொண்ட கேபிளுக்கு 0, அடுத்ததற்கு 1, அவ்வளவுதான். மென்பொருள் திறந்து வைத்திருக்கும்போது யாராவது கேபிளைப் பிடுங்கிச் செருகினால், பழைய எண் விடுபடாத நிலையில் புதிதாக 2 கூட வரும். ஆகவே ‘/டெவ்/சீரியல்/பை-ஐடி’ அடைவில், கேபிளின் அடையாளத்தை வைத்து அமைந்துள்ள இணைப்புப் பெயரை மென்பொருளில் கொடுங்கள்.

சாதனங்களைக் குறிக்கும் ‘/டெவ்’ கோப்புகள் வட்டில் இருப்பவை அல்ல. கணினி எழும்போது நினைவகத்தில் புதிதாக உருவாகின்றன. நீங்கள் மாற்றிய அனுமதி அதனால்தான் தங்குவதில்லை. 666 என்பது கதவையே கழற்றி வைப்பது போன்றது. பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும்.

நொய்யல்கரை, ஈரோடு:
குழுவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘பை-ஐடி’ இங்கே கைகொடுக்குமா என்பது ஐயம். கேபிளுக்குள் இருப்பது சிஎச்340 சிப் என்றால், பெரும்பாலும் அதில் தொடர் எண் இராது. இரண்டு கேபிளுக்கும் ஒரே பெயர் அமைந்து, ஒரே ஓர் இணைப்புதான் தென்படும்.

நூல்கண்டு, திருப்பூர்:
ஆமாங்க அண்ணா, இரண்டும் சிஎச்340தான். அடைவில் ஒன்றுதான் தெரிகிறது.

நொய்யல்கரை, ஈரோடு:
அப்படியானால் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ‘பை-பாத்’ அடைவு அதைத் தருகிறது. படிக்க எளிதான பெயர் வேண்டுமென்றால், ‘/எட்சி/யூடெவ்/ரூல்ஸ்.டி’ அடைவில், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் ‘யூடெவ்’ நிரலுக்கான ஒரு விதிக் கோப்பு எழுதி, ‘கெர்னல்ஸ்’ மதிப்பாக ‘1-1.2’ போன்ற துளை முகவரியையும், ‘சிம்லிங்க்’ (கூடுதல் இணைப்புப் பெயர்) மதிப்பாக ‘ரோல்_தராசு’ போன்ற பெயரையும் கொடுங்கள். ‘நேம்’ கொண்டு மூலப் பெயரையே மாற்ற முயல வேண்டாம்; அது நெட்வொர்க் இடைமுகங்களுக்கு மட்டுமே செல்லும். கேபிளைத் துளை மாற்றிச் செருகினால் இந்த ஏற்பாடு குலையும் என்பதால், இரண்டு துளைகளுக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.