கல்தூண் வேண்டாம், சல்லித்தண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குழைந்த களிமண் தரையில் உடைகல் இறக்கி வலுவூட்டும் முறைக்கு (ஆங்கிலத்தில் stone column) தமிழில் தாங்கள் தந்த ‘கல்தூண்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இங்கே தூண் என்றால் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி நிற்கும் பர்மாத் தேக்கு, அல்லது கோவில் மண்டபத்துக் கருங்கல். சுற்றிலும் ஒன்றுமில்லாவிட்டாலும் தானே நிற்பதுதான் தூண். கண்மாயோரம் கட்டவிருக்கும் ஒரு கிடங்குக்காக இம்முறையைப் பெரிய கொத்தனாரிடம் விளக்கினேன். ‘கல்தூண்’ என்றதும் அவர் கேட்டது: “ஒரே கல்லா, துண்டு போட்டதா?” அவர்மேல் தவறில்லை. சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

நடப்பது வேறு. அதிரும் குழாயைக் களிமண்ணுக்குள் இறக்கி, அந்தத் துளையில் சல்லியைக் கொட்டிக் கொட்டி, அதிர்வாலேயே இறுக்கிக்கொண்டு மேலே வருகிறார்கள். விட்டம் பெரும்பாலும் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. பாரம் ஏறும்போது சல்லி பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கிறது. களிமண் அதை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் அதன் வலிமை. களிமண்ணை விலக்கிவிட்டால் மிஞ்சுவது சல்லிக் குவியல். பைலைப் (ஆழ அடித்தளக் கம்பத்தைப்) போல ஆழத்துப் பாறையில் ஊன்றிக்கொண்டு முழுப் பாரத்தையும் அது சுமப்பதில்லை; மண்ணோடு பங்கு போட்டுக்கொள்கிறது. களிமண்ணில் அடைபட்ட நீரும் சல்லியின் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடிய தரை அமிழ்வு விரைவில் முடிந்துவிடுகிறது.

ஆகவே ‘சல்லித்தண்டு’ என்று முன்மொழிகிறேன். ஊருணித் தாமரையை நினைத்துப் பாருங்கள். நீருக்குள் நிமிர்ந்து நிற்கும் தண்டு, பறித்துக் கரையில் போட்டால் துவண்டுவிடும். உள்ளே முழுக்கத் துளைகள். சுற்றியிருப்பதன் தாங்கலும் உள்ளிருக்கும் வழியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

‘சரளைத்தண்டு’ மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் சரளை என்றால் செம்மண்ணோடு கலந்து கிடக்கும் பொடிக்கல். அதை இறக்கினால் மண் இடுக்குகளை அடைத்துவிடும்; நீர் போக வழியிருக்காது.

மறுமொழி:

தம்பி, தூண் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தண்டு என்றால் மெலிவு தோன்றுகிறதே? கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் ஒன்றுக்கு அது பொருந்துமா? இதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி:

ஐயா, முதுகுத்தண்டும் தண்டுதானே! மேலுடலின் பாரமெல்லாம் அதன்மேல்தான். கிளைக்கவும் செய்யும். மிகவும் குழைந்த களியில், பிடி போதாது என்று சல்லியைச் சுற்றிச் செயற்கை இழைத் துணியால் உறையிடுகிறார்கள். அது ‘உறைத்தண்டு’. பக்கவாட்டு வீக்கம் ‘தண்டுப் பிதுக்கம்’. இரண்டு தண்டுகளுக்கு நடுவில் விடும் தொலைவு ‘தண்டிடை’.

நேற்று அதே கொத்தனாரிடம் புதிய சொல்லோடு மறுபடி விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் மேலே, மண் பிடிப்புக் குறைந்த இடத்தில்தானே முதலில் பிதுங்கும்?” என்று கேட்டார். அங்கேதான் பிதுங்கும், ஐயா.