"கதை எப்பப்பா ஆரம்பிக்கும்?" – அமைதியான அனிமே பார்த்தவங்க சொன்னது

ஓசூர்:
ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்களுக்கு, பெருசா சண்டை, திருப்பம் இல்லாத அமைதியான அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) போட்டா, "கதை எப்பப்பா ஆரம்பிக்கும்?"னுதான் முதல்ல கேப்பாங்க. உடனே பிளேயர்ல வேகம் எவ்வளவுன்னு பாருங்க. 'நோன் நோன் பியோரி' (2013) முதல் எபிசோடுல வயல், ஓடை, சாலைன்னு பேச்சே இல்லாம காட்சி நின்னு நகரும். 1.25 மடங்கு வேகத்துல ஓட்டினா அந்த இடமெல்லாம் வெறும் இடைவெளியாத்தான் தெரியும். 24 நிமிஷ எபிசோடுல மிச்சமாகுறது அஞ்சு நிமிஷம்கூட இல்ல.

'முஷிஷி' (2005, 26 எபிசோடு) பார்த்துட்டு "ஒரே இருட்டு"ம்பாங்க. மொபைல் டேட்டாவுல வீடியோ தரம் 480pக்கு இறங்கிடும், ராக்காட்சி கட்டம் கட்டமா உடையும். 720pக்குக் குறையாம வைங்க, ஆட்டோ பிரைட்னஸை அணைச்சிடுங்க. சித்திரையில ஃபேன் அஞ்சுல ஓடினா அதுல வர்ற பூச்சிச் சத்தம் ஒண்ணும் காதுல விழாது, இயர்போன் வேணும். ஆட்டோ-ப்ளேயும் வேண்டாம். ஒவ்வொரு எபிசோடு முடிவுக்கும் தனித்தனி இசை இருக்கு. அடுத்ததுக்குத் தாவினா அது போச்சு.

பாலக்கோடு:
முஷிஷியை மனசு ஆறத் தேடுறவங்களுக்கு முதல்ல குடுக்காதீங்க. சாவு, பிரிவு எல்லாம் வரும். "தூக்கம் போச்சு"ன்னு திட்டு விழும். 'யூரு கேம்ப்' (2018, 12 எபிசோடு) போடுங்க. ஜப்பான்ல மோதொசு ஏரிக்கரைக் குளிர்ல ரின்ங்கிற பொண்ணு தனியா கூடாரம் போட்டிருப்பா. இருட்டுல மாட்டிக்கிட்டு வர்ற நாதெஷிகோங்கிற இன்னொரு பொண்ணுக்கு கறி மசாலா சுவை கப் நூடுல்ஸ் குடுப்பா. சூடு பொறுக்காம உறிஞ்சி உறிஞ்சி நாதெஷிகோ சாப்பிடுறதைப் பார்த்து, பாதியில எழுந்து அடுப்படிக்குப் போறவங்க உண்டு!

அடுத்த ஆசை, தீ மூட்டணும். அதுல வர்ற பைன் காய்ல பிசின் இருக்கு, காய்ஞ்சதுன்னா சட்டுனு பிடிக்கும். அதுக்காகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கிளம்பிடாதீங்க. யானைக்காடு அது, காப்புக்காட்டுல தீ மூட்டுறது குற்றமும்கூட.

காவேரிப்பட்டினம்:
ஆங்கில சப்டைட்டில் படிக்க முடியாத பெரியவங்களுக்கு 'பாரகாமோன்' (2014, 12 எபிசோடு). கண்காட்சி நடத்துற பெரியவரை அடிச்சதால, டோக்கியோ எழுத்தோவியக்காரனை (தூரிகையால எழுத்தைக் கலையா எழுதுறவன்) கோத்தோ தீவுக்கு அனுப்பிடுவாங்க. இவ்வளவை மட்டும் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கேட்காம வீட்டுக்குள்ள பூந்து விளையாடுற நாருங்கிற தீவுச் சின்னப் பொண்ணைப் பார்த்ததும் ஆயாவுக்கு மீதி தானா புரியும். நடுநடுவுல மொழிபெயர்த்துக்கிட்டே இருந்தா, "சும்மா இரு, பாக்க விடு"ன்னு நமக்குத்தான் விழும்.