கரையடியில் ஊற்று மணலைத் தள்ளுகிறது. சின்ன அணைக்கு யார் பொறுப்பு?

ஆயக்கட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் ஊர் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்ன அணை இருக்கிறது. மண் கரை, நடுவில் மூன்று ஷட்டர். கல்வெட்டில் உயரம் 30 அடி, கொள்ளளவு 42 மில்லியன் கன அடி என்று போட்டிருக்கிறது. 500 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே பாசனம். அணைக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டரில் எங்கள் தெரு, 60 வீடும் ஒரு அங்கன்வாடியும்.

மூன்று வாரமாக மழை. தண்ணீர் இப்போது 24 அடியில் நிற்கிறது. போன வியாழக்கிழமை மாடு பிடிக்கப் போனபோதுதான் பார்த்தேன், கரையின் வெளிப்பக்க அடியில், சில வருடம் முன்னால் ஒரு பெரிய புளியமரத்தை வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் தண்ணீர் கொப்பளித்து வருகிறது. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது. இந்தக் கரையில் கசிவு எப்போதும் உண்டு, சின்ன வயதில் அந்த ஈரத்தில்தான் எருமை கட்டுவோம். ஆனால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து நான் பார்த்ததே இல்லை.

மூன்று ஷட்டரில் ஒன்று இரண்டு வருடமாக ஏறவில்லை, துரு பிடித்து நிற்கிறது. இருந்த லஸ்கர் (ஷட்டரை இயக்கிக் கரையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஓய்வு பெற்ற பிறகு புது ஆள் வரவில்லை. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தால் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் திரும்பவும் முதல் இடத்துக்கே அனுப்பினார்கள். மனு ரசீது இரண்டும் கையில் இருக்கிறது.

இது ஆபத்தா? இந்த மாதிரி அணையைக் கண்காணிக்கச் சட்டப்படி யாராவது இருக்கிறார்களா? இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

---

கரிசல்காட்டான்:

மண் கரை என்றால் கசியத்தான் செய்யும் நண்பரே. எங்கள் கண்மாயிலும் வருடா வருடம் கசிகிறது, ஒன்றும் ஆகவில்லை. ஊரைப் பயமுறுத்தி விடாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்:

கரிசல்காட்டான் சொல்வதில் பாதி சரி, மண் கரை கசியும். ஆனால் மீதிப் பாதியில்தான் ஊரே போய்விடும். தம்பி மணல் குவிகிறது என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்தீர்களா? தெளிந்த தண்ணீர் வந்தால் கரை மூச்சு விடுகிறது என்போம், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். மரத்தை மேலோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டிருப்பார்கள். வேர் மக்கினால் அந்த இடம் குழாய் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும், மேலே கரை நல்லாத்தான் இருக்கும்.

தம்பி, ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஆடாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மண் தங்குகிறதா பாருங்கள். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் பிடியுங்கள், பக்கத்திலேயே அணையின் அளவுகோலில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்பதையும் எழுதுங்கள். மட்டம் ஏறாமலே குடம் சீக்கிரம் நிறைய ஆரம்பித்தால் துளை பெரிதாகிறது.

ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, தண்ணீர் வருகிற அந்த ஊற்றுக் கண்ணைக் களிமண்ணை வைத்து அடைப்பது. தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளே வேறு வழி தேடும், அடுத்த கண் எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அதற்கு முதலில் ஆற்று மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று வடிகட்டி மாதிரி போடுவோம். வேகம் அதிகமாக இருந்தால் சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் தேங்க விடுவோம், தேங்கத் தேங்க வேகம் குறையும், தெளிந்து வர ஆரம்பித்ததும் மூட்டை அடுக்குவதை நிறுத்திவிட வேண்டும். இதை ஒரு பொறியாளர் பக்கத்தில் நிற்கும்போது செய்வதுதான் நல்லது.

அப்புறம், அணை மட்டத்தையும் குறைக்க வேண்டும். அதற்காக ஒரே நாளில் திறந்து வடித்துவிடக் கூடாது. உள்பக்கச் சரிவு ஊறிப்போய்க் கிடக்கும்போது தண்ணீரின் தாங்கல் சட்டென்று போய்விட்டால் அது சரிந்து இறங்கும். பகலில், அளவோடு, கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும்.

ராத்திரியில் தண்ணீர் நிறம் மாறினாலோ கரை மேல் குழி விழுந்தாலோ மனு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். 1077, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. உடனே கூப்பிடுங்கள், தெருவை மேட்டுக்கு நகர்த்துங்கள்.

---

மனுதாரர்:

சட்டம் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருடம் டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதற்குள் வரும். 10இல் இருந்து 15 மீட்டர் வரை என்றால் கூடுதலாக ஏதாவது ஒரு தகுதி வேண்டும், உதாரணமாகக் கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் 30 அடியைப் பார்த்தால் 9 மீட்டர் சொச்சம், சட்டத்துக்கு வெளியே என்று கையை விரிப்பார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்வெட்டில் இருப்பது பெரும்பாலும் ஓடைப் படுகையில் இருந்து அளந்த உயரம். சட்டம் அஸ்திவாரத்தின் தாழ்ந்த பகுதியில் இருந்து அளக்கச் சொல்கிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் உள்ள கொடகனாறு அணை ஆற்றுப் படுகைக்கு மேல் 11.45 மீட்டர்தான், அஸ்திவாரத்தின் ஆழத்தில் இருந்து அளந்தால் 15.75 மீட்டர். உங்கள் அணைக்கு அடியில் மூன்று அடி அஸ்திவாரம் இருந்தாலே 10 மீட்டரைத் தாண்டிவிடும். 42 மில்லியன் கன அடி என்பது கிட்டத்தட்ட 11.9 லட்சம் கன மீட்டர், அந்தத் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி கேளுங்கள்: அஸ்திவார மட்டம் என்ன, கரையின் உச்சி மட்டம் என்ன.

சட்டத்துக்குள் வந்துவிட்டால் மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ஆய்வு செய்தே தீர வேண்டும். வெள்ளத்தின் போதும் வெள்ளத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும், அணையில் விபரீதமாக ஏதாவது தெரிந்தாலும் பார்க்க வேண்டும். அவசரகாலச் செயல் திட்டம் ஒன்றும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஷட்டர் விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். அதே கொடகனாறு அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது எப்படி? ஐந்து ஷட்டர், ஆட்கள் நேரத்துக்குத்தான் தூக்க ஆரம்பித்தார்கள், பாதியில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் கொண்டு வந்தும் பலன் இல்லை, கையால் சுற்றிப் பார்த்தார்கள், அதற்குள் வெள்ளம் கரை மேல் ஏறி வெளிச்சரிவை அரித்துப் பல இடத்தில் உடைத்துவிட்டது. ஆட்கள் அங்கே நின்றிருந்தும் அந்தக் கதி. உங்கள் ஊரில் ஆளும் இல்லை, ஷட்டரும் ஏறவில்லை.

---

வன்னிக் குளத்தடி:

வணக்கம் அண்ணா, நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் இதே பிரச்சினைதான். 80 ஹெக்டேருக்கு உட்பட்ட சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. மாரியில் குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாயும்போது பொடியன்கள் எல்லாம் பார்க்கப் போவார்கள், கோடையில் குளக்கட்டின் (கரையின்) பின்பக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1986 ஏப்ரல் 20 அன்று திருகோணமலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட சனம் செத்தது. பாறாங்கல் ஏற்றிய கனரக வாகனங்களைக் கட்டின் மேலால் ஓட விட்டதையும் ஒரு முக்கிய காரணமாகச் சொல்வார்கள். உங்கள் கரை மேல் மணல் லாரி, டிப்பர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இன்றைக்கே மறித்துவிடுங்கள்.

---

கொங்கணக்கரை:

மும்பையில் வேலை பார்க்கிறேன். 2019 ஜூலை 2 ராத்திரி ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்ததே, அதுவும் சின்னப் பாசன அணைதான், மண் கரைதான். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். கீழே இருந்த வீடுகள் அப்படியே போயின. உடைந்த பிறகு அமைச்சர் நண்டு துளைத்ததால்தான் என்றார். நண்டு துளைத்தால் அதைப் பார்த்து அடைக்கத்தானே ஆய்வு என்று ஒன்று இருக்கிறது? படித்துவிட்டு ரொம்ப நாள் மனது ஆறவில்லை. கரிசல்காட்டான், ஒன்றும் ஆகவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

---

ஆயக்கட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்றுக் காலையில் இருந்து நான்கு பாட்டில் பிடித்தேன். முதல் இரண்டிலும் அடியில் ஒரு நூல் அளவு மண். நேற்று மாலை பிடித்ததில் அரை விரல். மட்டம் அதே 24 அடிதான், ஆனால் குடம் நிறைய 40 நொடி ஆனது 31 ஆகிவிட்டது.

நான்கு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை நேராகக் கலெக்டர் ஆபீஸுக்கே போய்விட்டேன். மனுவைப் படிப்பதற்கு முன்னால் பாட்டிலைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு உதவிப் பொறியாளர் வந்து, சேற்றில் இறங்கி, ஊற்றில் கையை விட்டுப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மணலும் ஜல்லியும் வந்துவிட்டன, மூட்டை வளையம் நான்கு வரிசை உயரத்தில் நிற்கிறது. இப்போது தண்ணீர் ஓரளவு தெளிந்து வருகிறது. நன்றாக இருக்கும் இரண்டு ஷட்டரையும் நாளைப் பகலில் அரை அடி தூக்குகிறார்கள், கீழே தண்டோரா போட்டாகிவிட்டது. அஸ்திவார மட்டம் கேட்டு மனுவும் எழுதிவிட்டேன்.

கரையில் இன்று ராத்திரி என் முறை, என்னோடு மூன்று பேர். டார்ச்சும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போகிறோம். காலையில் நொடிக் கணக்கு எழுதுகிறேன்.