வளவு வீட்டில் 70 தாண்டிய அப்பா, அம்மா: விழவும் கூடாது, முடங்கவும் கூடாது. என்ன செய்யலாம்?

கல்லிடைவாசி கேட்டது:

கல்லிடைக்குறிச்சியில் பழைய வளவு வீடு (ஒரே வளாகத்துக்குள் பல வீடுகள்). தார்சா (முன் அறை), பட்டாசல் (கூடம்), அடுக்களை என்று நீளவாக்கில் போய், கக்கூஸ் புறவாசலில் இருக்கிறது. அப்பாவுக்கு 74, ரிட்டயர்ட் வாத்தியார், பிரஷரும் சுகரும் உண்டு. அம்மாவுக்கு 70. பிள்ளைகள் எல்லாரும் வெளியூர். ஆத்துக்குக் குளிக்கப் போகாதீங்க, கோயிலுக்குத் தனியா போகாதீங்க என்று எல்லாருமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இது சரிதானா? வீட்டில் முதலில் எதை மாற்றணும்? பெரிய செலவு முடியாது.

படித்துறை எழுதியது:

தம்பி, வெளியே போகாதே என்று உட்கார வைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நடக்காத காலில் தொடைச்சதை சீக்கிரமே கரையும். அப்புறம் பட்டாசல்லயே தடுக்கி விழுவார்கள். பாதையைச் சரி பண்ணுங்க, ஆளைக் கட்டிப்போடாதீங்க.

உங்க வீட்டு அமைப்புக்கு முதல் வேலை ராத்திரி ஒன்றுக்குப் போகிற பாதை. தூக்கக் கலக்கத்தில் இரண்டு மூன்று நிலைப்படி தாண்டி, ஈரமான அங்கணத்தை (பாத்திரம் கழுவும் இடம்) கடந்து புறவாசலுக்குப் போகணும். ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போட்டால் அந்த நடையே மிச்சம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஆள் வந்தால் தானாக எரிகிற சென்சார் லைட்டை ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் உயரத்தில் மாட்டுங்க. படியின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் பெயிண்ட் ஒரு பட்டை இழுத்துவிடுங்க.

கைப்பிடிக் கம்பியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் கட்டை அடித்து ஸ்குரூ போட்டால் நிற்காது, பாரம் விழுந்ததும் காரையோடு பெயர்ந்து வரும். சுவர் முழுக்கத் துளைத்து, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடச் சொல்லுங்க. நிலைப்படி தாண்டும் இடத்துக்கு அந்தச் சிரமம் வேண்டாம். மர நிலை உளுக்காமல் இருந்தால் 2 இஞ்ச் ஸ்குரூவே நன்றாகப் பிடிக்கும். கம்பி ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை இஞ்ச் கனம், தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் உயரம், சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை இஞ்ச் இடைவெளி. மாட்டியதும் ஒரு கனத்த ஆளை முழு பாரமும் போட்டு இழுக்கச் சொல்லிப் பாருங்க. துண்டு போடுகிற கம்பியும், ரப்பரால் ஒட்டுகிற கம்பியும் இதற்கு ஆகவே ஆகாது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் தரையில் நல்லெண்ணெய் படிந்துவிடும், வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது. கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தே குளிக்கட்டும். எழுந்திருக்கும் முன்னால் சீயக்காயோ சோப்புத்தூளோ போட்டுத் தரையை வேறு யாராவது தேய்த்துவிடணும். எண்ணெய்க்காலோடு சிவப்பு ஆக்சைடு தரையில் நடக்க விடாதீங்க.

ஆத்துக்குப் போகட்டும். விடிந்தபிறகு, துணையோடு. பாசி பிடித்த கீழ்ப்படிக்கு இறங்காமல், காய்ந்த படியில் உட்கார்ந்து செம்பில் மோந்து ஊற்றிக்கொள்ளட்டும். மழை எச்சரிக்கை இருக்கும்போதும், பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கும்போதும் கண்டிப்பாக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணியில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது.

ஐகிரவுண்ட் சிஸ்டர் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு மருந்து டப்பாவையும் பாருங்க. விழுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும்.

அப்பாவை 5 நிமிஷம் படுக்க வைத்து பிரஷர் பாருங்க. எழுந்து நின்று 1 நிமிஷத்தில் ஒரு தரம், 3 நிமிஷத்தில் ஒரு தரம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போங்க. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், தூக்க மாத்திரை எல்லாம் சேர்ந்தால் எழுந்ததும் கிறுகிறுக்கும். நீர் மாத்திரையை சாயங்காலம் போட்டால் ராத்திரி நாலு தரம் எழணும். காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சஷ்டி, ஏகாதசி விரதம் உண்டா? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், குழறல் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்க. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்க.

சுகர்க்காரர்கள் உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் கொப்புளித்திருக்கும். காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போகட்டும். தினமும் படுக்குமுன் அம்மா பாதத்தை ஒரு பார்வை பார்த்துவிடட்டும்.

வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், காபி கொடுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்லுங்க, முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க.

பென்ஷன் சங்கத்தான் எழுதியது:

வாத்தியாரை 'வாக்கிங் போங்க' என்றால் ஒரு வாரம் போவார். நாலு பேர் எதிர்பார்த்துக் காத்திருக்கிற வேலை என்றால் தினமும் போவார். நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, பென்ஷன் சங்கத்தில் மற்றவர்களுக்கு ஆயுள் சான்று போட்டுக் கொடுப்பது, இப்படி நேரம் குறித்த வேலையாகப் பிடித்துக் கொடுங்க. அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, தங்கச்சி வீட்டுக்கும் கோயிலுக்கும் தாராளமாகப் போய் வரலாம்.

ஆள் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார் என்றால் காதையும் சோதித்துப் பாருங்க. காது கேட்காதவர் பேச்சுக்குப் பயந்து வெளியே வரமாட்டார். சில சமயம் வெறும் குரும்பிதான் அடைத்திருக்கும், ஒரு தடவை எடுத்தால் தீர்ந்தது.

இரண்டு பேருக்கும் 70 ஆகிவிட்டதால், மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு கிடைக்குமா என்று விசாரியுங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, வருமான வரம்பு கிடையாது. போலீஸ் மாதிரி பேசி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போனில் மிரட்டினால் அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று இப்போதே சொல்லி வையுங்க. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடணும். முதியோருக்கான உதவி எண் 14567. இரண்டையும் போன் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்க.

வளவில் எதிர்வீட்டுக்காரர்களிடம் ஒரு சாவி கொடுங்க. காலை 7 மணிக்குள் வாசல் தெளிக்கவில்லை என்றால் கதவைத் தட்டணும் என்று பேசிக்கொள்ளுங்க.

கல்லிடைவாசி:

நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. நாளைக்கே கொத்தனாரைப் பார்க்கிறேன். அப்பா கம்பு ஊன்ற மாட்டேன் என்கிறார், அதற்கு என்ன வழி?

படித்துறை:

உயரம் சரியில்லாத கம்பாக இருந்தால் தோள் வலிக்கும், அதனாலேயே பலர் ஓரத்தில் சாத்திவிடுகிறார்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கம்பின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு வரணும். வலது கால் வலி என்றால் இடது கையில் பிடிக்கணும், பலரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். நுனியில் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிடுங்க. கூடவே கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தரம் எழுந்து உட்காரச் சொல்லுங்க, காலையும் மாலையும், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு. ஆரம்பத்தில் 4 தான் முடியும் என்றாலும் போதும்.