புதுப்பிப்பு: பச்சை குத்தியதைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

பாளையங்கோட்டையில் மச்சான் நடத்தும் டாட்டூ கடைக்குப் படமெடுக்க 50 மி.மீ. லென்ஸ் போதுமா, 100 மி.மீ. மேக்ரோ (ரொம்ப நெருங்கி நின்று பொடிசையும் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கேமரா கேனான், ஏபிஎஸ்-சி என்கிற சின்ன அளவு சென்சார். பதில் சொன்ன அண்ணாச்சிகளுக்கு ரொம்ப நன்றி. கடைசியில் 60 மி.மீ. மேக்ரோ வாங்கியாச்சு, செகண்ட் ஹேண்டில்.

கடை சின்னது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே படத்தில் அடங்க 60-க்கு முக்கால் மீட்டர் தள்ளி நின்றால் போதும். 100-க்கு ஒன்றேகால் மீட்டராவது வேண்டும்; அங்கே முதுகு சுவரில் இடிக்கும். சாதாரண 50 நல்ல லென்ஸ்தான், ஆனால் பொடி எழுத்துக்கு அவ்வளவு நெருங்க விடாது.

லென்ஸைவிடப் பெரிய வித்தியாசம் காட்டியது போலரைசர் ஃபில்டர். தோலின் எண்ணெய்ப் பளபளப்பில் கறுப்பு மை சாம்பலாகத் தெரியும். ஃபில்டரை மெதுவாகத் திருகினால் பளபளப்பு அடங்கி மை கறுக்கிறது. வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். கை உருண்டை; ஓரமும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் லென்ஸின் துளையை எஃப்/8-ஐவிட அகலமாக நான் திறப்பதில்லை.

அப்புறம் சேரன்மகாதேவி ஆச்சியின் பச்சை குத்திய கையையும் எடுத்தேன். "ஏல, இதப் போயி எதுக்குப் படம் புடிக்க?" என்றபடியே சுருங்கிய தோலை விரலால் இழுத்துப் பிடித்தாள். நீலப்பச்சையாகக் கசிந்த கோலப்புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த படம் அதுதான்.

புதிதாகக் குத்தியவை சிவந்து வீங்கியிருப்பதால், ஆறிய பிறகு வரச்சொல்லி எடுக்கிறோம்.