விமான, பாதுகாப்புக் கொம்பனிகளின்ர ஆண்டறிக்கை வாசிச்ச அனுபவம் இருந்தால் எழுதுங்கோ

வெள்ளவத்தை வாசகி:
ரோல்ஸ் ரோய்ஸ் எண்டதும் கனபேர் காரைத்தான் நினைக்கினம். கார் இப்ப பி.எம்.டபிள்யூவின்ர கையில. நான் சொல்லுறது விமான எஞ்சினும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அணு உலையும் செய்யிற பிரிட்டிஷ் குழுமத்தை. நான் கொழும்புக் கோட்டையில ஒரு முதலீட்டு ஆய்வுக் கொம்பனியில வேலை. லண்டனில காலமை 7 மணிக்கு முடிவுகள் வெளிவரும், பெப்ரவரியில அது எங்களுக்கு மத்தியானம் 12.30. சோத்துப் பார்சலைத் தள்ளி வைச்சிட்டுத்தான் வாசிப்பம்.

எல்லாரும் முதல்ல லாபத்தைத்தான் தேடுவினம். என்னை வேற பக்கம் பார்க்க வைச்சவர் எங்கட ஃபிளட்டில மேல்மாடியில இருக்கிற ஐயா. கட்டுநாயக்கவில விமானப் பராமரிப்பு வேலை செய்து ஓய்வெடுத்தவர். மெல்லிய கமராக் குழாயை எஞ்சினுக்குள்ள விட்டு, ஒருத்தர் சுழலியைக் கையால மெதுவாத் திருப்ப, மற்றவர் ஒவ்வொரு தகடா வெடிப்பு இருக்கோ, எரிஞ்ச அடையாளம் இருக்கோ எண்டு பார்க்கிறதை விரலால சுழட்டிச் சுழட்டிக் காட்டினார். “பிள்ளை, லாபத்தைப் பிறகு பார். எஞ்சின் எத்தினை மணித்தியாலம் ஓடினது எண்டு போட்டிருப்பாங்கள், அதை முதல்ல பார்” எண்டார். ஸ்ரீலங்கன் விமானசேவையின்ர ஏ330 விமானங்களில இருக்கிறது ரோல்ஸ் ரோய்ஸின்ர ட்ரெண்ட் 700 எஞ்சின். இப்பிடிப் பெரிய எஞ்சினை விக்கிறதில பெரிசா ஒண்டும் மிஞ்சாது. பராமரிப்பு ஒப்பந்தத்தில, ஓடுற மணித்தியாலத்துக்கு ஓட்டோ மீற்றர் போலக் காசு ஏறும்.

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு பாருங்கோ. 2019ஐ 100 எண்டு எடுத்தால், 2020இல மணித்தியாலம் 43, 2023இல 88, 2024இல 103. 2020இல 4.2 பில்லியன் பவுண்ஸ் காசு வெளியில போனது. 2024இல 2.4 பில்லியன் உள்ள வந்தது. நிண்டுபோன பங்குலாபமும் பங்குக்கு 6 பென்ஸ் எண்டு திரும்ப வந்தது.

ஆனா மணித்தியாலம் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. 2019இலயும் 2024இலயும் ஓட்டம் கிட்டத்தட்ட ஒண்டுதான். காசோ 2019இல 873 மில்லியன்தான். மிச்சம் எங்கயிருந்து வந்தது? 2023 ஜனவரியில தலைமைக்கு வந்த துஃபான் எர்கின்பில்கிச் செலவைக் குறைச்சார், விமானக் கொம்பனிகளோட ஒப்பந்த விலையைத் திரும்பப் பேசினார். 2027க்கெண்டு வைச்ச லாப இலக்கை ரெண்டு வருசம் முந்தி, 2025இலயே எட்டுவம் எண்டு 2024 முடிவுகளோட சொன்னவை. அந்தக் கூடின விலையில ஒரு பங்கு கடைசியில எங்கட ரிக்கற்றிலதான் வந்து விழும் எண்டு நான் நம்புறன்.

கணக்கு மாஸ்டர்:
நல்லா எழுதியிருக்கிறீங்கள் தங்கச்சி. பம்பலப்பிட்டியில வகுப்பு எடுக்கிறனான். 2020 அறிக்கையைக் குடுத்தால் பிள்ளையள் கேக்கிற முதல் கேள்வி, ஒரே வருசத்துக்கு ஏன் ரெண்டு நட்டம்? வரிக்கு முந்தின நட்டம் கொம்பனி தன்ர முறையில போடுற கணக்கில 4 பில்லியன் பவுண்ஸ், சட்டப்படி போடுற கணக்கில 2.9. முக்கிய காரணம் டொலர். விக்கிறது டொலரில, சம்பளம் குடுக்கிறது பெரும்பாலும் பவுண்ஸில. அதால வரப்போற டொலரை வருசக்கணக்கில முன்கூட்டியே விலை பேசி வித்து வைப்பினம். விமானம் பறக்கேல்லை, டொலர் வரேல்லை. 11.8 பில்லியன் டொலருக்கு அந்த ஒப்பந்தங்களைக் குறைக்கப் போய் 1.7 பில்லியன் பவுண்ஸ் செலவு. கொம்பனியின்ர கணக்கில அது முழுக்க அந்த வருசத்திலயே விழுந்தது. சட்டக் கணக்கில அந்த ஒப்பந்தங்களைச் சந்தை விலைக்கு வருசாவருசம் மதிப்பிட்டுக்கொண்டே வருவினம், அதால அங்க அது ஒரே வருசத்தில முழுசா விழேல்லை. 2022இல டொலர் இல்லாமல் காஸ் வரிசையில நிண்ட பிள்ளையளுக்கு இது கெதியில பிடிபடுது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான். கிபிர் போர் விமானத்தின்ர சத்தம் கேட்டுப் பங்கருக்குள்ள ஓடின பிள்ளை. கிபிரின்ர எஞ்சின் ஜெனரல் எலெக்ட்ரிக் வடிவமைச்சது, இவையின்ர இல்லை எண்டது தெரியும். எண்டாலும் பாதுகாப்புப் பிரிவின்ர பக்கம் வந்தால் என்னால மற்றப் பக்கங்களைப் போல வாசிச்சுக்கொண்டு போக ஏலாது. 2020இல சிவில் விமானப் பிரிவு 2.5 பில்லியனுக்கு மேல நட்டப்பட, பாதுகாப்புப் பிரிவு லாபத்தில நிண்டது. அரசாங்கங்கள் காசு குடுக்கிறதை நிப்பாட்டேல்லை. என்ர சேமிப்பை இந்தத் துறையில போட எனக்கு மனம் வராது அக்கா.

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, நீங்கள் சொன்னது கட்டாயம் எழுதப்பட வேண்டியது. 2024இலயும் இயக்க லாபத்தில கால்வாசிக்குக் கிட்ட, 644 மில்லியன், அந்தப் பிரிவு தந்தது. காசு எங்கயிருந்து வருது எண்டு தெரிஞ்சு முடிவெடுக்கத்தான் பிரிவுவாரிக் கணக்கு இருக்கு.

மாஸ்டர், இத்தாலியின்ர பாதுகாப்புக் கொம்பனி லியோனார்டோ பற்றி எழுதுவீங்களோ? அங்க மணித்தியாலக் கணக்கு உதவாது, ஓடரைத்தான் பார்க்கவேணும். 2024இல வருமானம் 17.8 பில்லியன் யூரோ, புது ஓடர் 20.9 பில்லியன். அந்த ஓடர் எத்தினை வருசத்தில காசா மாறும் எண்டு பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறீங்கள்?